தோற்றுக்கொண்டிருக்கும் அணி முதல் சுற்றிலேயே குவார்ட்டர்பேக்கை எடுக்கலாமா?

கேள்வி: கிளீவ்லாந்து புறநகரிலிருந்து

நண்பர்களே, கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியைப் பின்தொடரும் தமிழர்கள் இங்கே எத்தனை பேர் என்று தெரியவில்லை. ஆனால் இந்தக் கேள்வி எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 2025 சீசன் பாதியைத் தாண்டிவிட்டது, எங்கள் நம்பிக்கையும் அதோடு போய்விட்டது. வீட்டில் இப்போதே அடுத்த ஏப்ரல் மாத டிராஃப்ட் (புதிய வீரர்களை அணிகள் எடுக்கும் தேர்வு) பற்றிய வாக்குவாதம் தொடங்கியாயிற்று.

அமெரிக்கக் கால்பந்து பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐபிஎல் ஏலத்தில் பணம் வைத்திருக்கும் யாரும் கையைத் தூக்கலாம். இங்கே தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஏலம் கிடையாது. 32 அணிகள், ஏழு சுற்றுகள். முந்தைய சீசனில் மிக மோசமாக ஆடிய அணி கல்லூரி வீரர்களில் முதல் ஆளை எடுக்கும். கோப்பையை வென்ற அணி அந்தச் சுற்றின் கடைசியில் எடுக்கும். தனக்குரிய இடத்தை வேறு அணியின் இடங்களுக்கோ வீரர்களுக்கோ மாற்றிக்கொள்ளலாம். அணியின் தாக்குதல் முழுவதும் பந்தை வீசுபவரான குவார்ட்டர்பேக்கின் கை வழியாகத்தான் நடக்கிறது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் கீழே கிடக்கும் அணிகளின் கண் முதலில் அந்த இடத்தின் மேல்தான் விழுகிறது.

2024 சீசனில் நாங்கள் 3 வெற்றி, 14 தோல்வி. அதனால் 2025 ஏப்ரலில் இரண்டாவது இடம் கிடைத்தது. அதை ஜாக்சன்வில்லுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் டிராவிஸ் ஹன்ட்டரை எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கு ஐந்தாவது இடமும், வேறு சில இடங்களும், 2026இல் ஜாக்சன்வில்லின் முதல் சுற்று இடமும் வந்தன. ஐந்தாவது இடத்தில் தற்காப்பு வீரர் மேசன் கிரஹாம் வந்தார். குவார்ட்டர்பேக் என்று பார்த்தால் மூன்றாம் சுற்றில் டில்லன் கேப்ரியல், ஐந்தாம் சுற்றில் ஷெடூர் சாண்டர்ஸ். ஆக, வரும் ஏப்ரலில் முதல் சுற்றில் எங்களுக்கு இரண்டு இடங்கள்.

கல்லூரியில் படிக்கும் என் மகளின் கட்சி தெளிவானது. முதல் இடத்தில் குவார்ட்டர்பேக், மற்றதெல்லாம் பிறகு. நான் முன்வரிசைக் கட்சி. பந்தை வீசுபவரைக் காக்கும் ஐந்து பேர் சரியில்லை என்றால் வீசுபவர் யாராக இருந்தும் பயனில்லை என்கிறேன். அவளோ ஒரே பெயரால் என்னை மடக்குகிறாள்: ஜோ தாமஸ். 2007இல் மூன்றாவது இடத்தில் எடுக்கப்பட்ட லெஃப்ட் டேக்கிள், அதாவது முன்வரிசையின் இடது ஓரத்தில் நிற்பவர். தொடர்ந்து 10,363 ஆட்ட நகர்வுகளில் ஒன்றைக்கூட விடாமல் களத்தில் நின்றவர். 2023இல், மகத்தான வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றவர். அவர் வாழ்நாளில் ஒரு பிளே ஆஃப் (கோப்பைக்கான இறுதிச் சுற்று) ஆட்டம்கூட ஆடவில்லை. "உங்கள் முன்வரிசை என்ன சாதித்தது அப்பா?" என்கிறாள்.

அவள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மறுபக்கக் கணக்கு இன்னும் கொடியது. மூன்று சீசன் ஆடாமல் இருந்த அணி 1999இல் மறுபிறவி எடுத்து வந்தபோது முதல் இடத்தில் எடுத்தது குவார்ட்டர்பேக் டிம் கவுச்சை. பிறகு 2007இல் பிரேடி குவின், 2012இல் பிராண்டன் வீடன், 2014இல் ஜானி மான்சியல். மூவருமே 22ஆவது இடத்தில் வந்தவர்கள், மூவருமே நிலைக்கவில்லை. 2018இல் மறுபடியும் முதல் இடம், பேக்கர் மேஃபீல்ட். அவரையும் விட்டுவிட்டு 2022இல் ஹியூஸ்டன் அணியிலிருந்த டெஷான் வாட்சனுக்காக மூன்று முதல் சுற்று இடங்களைக் கொடுத்து, முழுக்க உத்தரவாதம் அளித்த 23 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். 1999 முதல் இன்றுவரை எங்களுக்காக ஆட்டத்தைத் தொடங்கிய குவார்ட்டர்பேக்குகள் நாற்பதுக்கும் மேல். டிம் கவுச்சின் சட்டையில் அடுத்தடுத்து வந்தவர்களின் பெயர்களை ஒட்டிக்கொண்டே போன ஒரு ரசிகரின் சட்டை நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் வந்தது. முதுகில் இடம் போதாமல் பெயர்கள் கீழே வழிந்துகொண்டு போயின.

அதனால் கேட்கிறேன். தோற்கும் அணி முதல் சுற்றில், அதுவும் முன்னாலேயே, குவார்ட்டர்பேக்கை எடுக்கலாமா? பொதுவான தத்துவம் வேண்டாம். உங்கள் ஊர் அணி செய்ததை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள், அதைச் சொல்லுங்கள். அப்புறம், பெரும் புகழ்பெற்ற குவார்ட்டர்பேக் டாம் பிராடியே 199ஆவது இடத்தில்தான் வந்தார் என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். ஒரு முறை நடந்ததை நம்பி எந்த அணியும் திட்டம் போட முடியாது.

பதில்: ஹியூஸ்டனிலிருந்து

நண்பரே, 2002இல் ஹியூஸ்டன் டெக்சன்ஸ் பிறந்ததிலிருந்து பார்த்துவருகிறேன். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: குவார்ட்டர்பேக்கை எடுங்கள். ஆனால் அவரைக் காக்க ஆள் வைக்காமல் எடுக்காதீர்கள். வைக்க முடியாத ஆண்டு என்றால் அந்த ஆண்டு எடுக்காதீர்கள்.

எங்கள் அணியின் முதல் டிராஃப்ட், முதல் இடம், டேவிட் கார். ஃப்ரெஸ்னோ ஸ்டேட் கல்லூரியிலிருந்து வந்தவர். உயரம், கைவலு, பண்பு எல்லாம் இருந்தது. முதல் ஆட்டத்திலேயே டாலஸை 19-10 என்று வென்றோம். ஹியூஸ்டன்காரனுக்கு டாலஸை வெல்வது என்றால் என்னவென்று இந்த ஊரில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த இரவு ஊரே தூங்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. அந்த ஒரு சீசனில் அவர் பந்தைக் கையில் வைத்திருக்கும்போதே 76 முறை வீழ்த்தப்பட்டார். 16 ஆட்டங்களில் 76. என்எஃப்எல் வரலாற்றில் இன்றுவரை அதை யாரும் மிஞ்சவில்லை. 2005இல் மறுபடியும் 68 முறை. எங்களிடம் இருந்த ஐந்து சீசன்களில் மொத்தம் 249.

இது வெறும் அலட்சியத்தால் நடந்ததல்ல, அதையும் சொல்ல வேண்டும். புதிய அணிக்காகப் பிற அணிகளிடமிருந்து ஆள் எடுக்கும் தேர்வில் எங்கள் நிர்வாகம் முதலில் எடுத்தது டோனி பொசெல்லியை. ஜாக்சன்வில்லின் லெஃப்ட் டேக்கிள், அந்தக் காலத்தின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர், பின்னாளில் அவரும் ஹால் ஆஃப் ஃபேம். திட்டம் சரியானது. ஆனால் அவருடைய தோள் காயம் ஆறவே இல்லை. எங்களுக்காக ஒரு நகர்வுகூட ஆடாமல் ஓய்வு பெற்றார். அரணாக நினைத்தவர் இல்லை என்று தெரிந்த பிறகும் இளைஞரை முதல் ஆட்டத்திலேயே இறக்கினார்கள். நான் மன்னிக்காதது அந்த முடிவைத்தான். ஒரு மூத்தவரை ஆட விட்டு டேவிட் காரை ஓர் ஆண்டு உட்காரவைத்திருக்கலாம்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது அந்த அடிகள் அவரை என்ன செய்தன என்பது. வலது கையால் வீசுபவர் பந்தை வாங்கிப் பின்னால் போகும்போது அவருடைய முதுகு இடப்பக்கம் திரும்பியிருக்கும். அங்கே வருபவரை அவரால் பார்க்க முடியாது, லெஃப்ட் டேக்கிளை நம்பித்தான் நிற்க வேண்டும். தொடக்கத்தில் டேவிட் கார் ஐந்து காலடி பின்வாங்கி, முன்காலை ஊன்றி, தலையை நிமிர்த்தித் தொலைவில் ஓடுபவரைத் தேடுவார். மூன்றாவது சீசனுக்குள் அது மாறிவிட்டது. பந்து கைக்கு வந்த கணமே பார்வை கீழே இறங்கும். தொலைவில் ஆள் தனியாக நின்றாலும் அவர் கண்ணில் படாது. முன்னால் மல்லுக்கட்டும் கைகளையும், எந்தப் பக்கம் உடைகிறது என்பதையும்தான் பார்ப்பார். சில நேரம் எவரும் நெருங்காதபோதே தோளைச் சுருக்கிக்கொள்வார். அதன் பிறகு நல்ல முன்வரிசை கிடைத்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. 2007இல் விடுவிக்கப்பட்டார். பிறகு நியூயார்க் ஜயன்ட்ஸில் ஈலை மேனிங்குக்கு மாற்று ஆளாக உட்கார்ந்தார். "திறமை இல்லாதவர்" என்று எங்கள் ஊரிலேயே பேசுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தத் திறமையை அடித்து நொறுக்கினார்கள்.

இப்போது மறுபக்கம். 2023இல் இரண்டாவது இடத்தில் சி. ஜே. ஸ்ட்ரவுடை எடுத்தோம். முந்தைய சீசனில் எங்களுக்கு வெற்றி மூன்றே மூன்று. அதாவது நாங்களும் தோற்கும் அணிதான். ஆனால் லெஃப்ட் டேக்கிளாக லாரமி டன்சில் ஏற்கெனவே இருந்தார். முதல் சீசனில் ஸ்ட்ரவுட் 23 டச் டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் பெறும் புள்ளி) வீசினார், இன்டர்செப்ஷன், அதாவது வீசிய பந்தை எதிரணி பிடித்தது, 5தான். எங்கள் பிரிவில் முதலிடமும் கிடைத்தது. அந்த பிளே ஆஃபில் நாங்கள் வென்றது உங்கள் அணியை, 45-14. உங்களுக்கு வலிக்கும் என்று தெரிந்தேதான் அடுத்ததையும் எழுதுகிறேன், ஏனென்றால் கேள்விக்கு அது நேரடியாகத் தொடர்புடையது. வாட்சனுக்காக நீங்கள் கொடுத்த முதல் சுற்று இடங்களில் ஒன்று 2023இல் 12ஆவது இடம். அதை வைத்துத்தான் நாங்கள் மூன்றாவது இடத்துக்கு ஏறி, தற்காப்பு வீரர் வில் ஆண்டர்சனை எடுத்தோம். ஓர் ஆளுக்காக மூன்று ஆண்டுகளின் செங்கல்லை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தீர்கள்.

2024இல் எங்கள் முன்வரிசை தளர்ந்தது. ஸ்ட்ரவுட் முதல் சீசனில் 38 முறை விழுந்தவர், இரண்டாவதில் 52 முறை விழுந்தார். இன்டர்செப்ஷன் ஐந்திலிருந்து பன்னிரண்டு ஆயிற்று. அதே கை, அதே மூளை, அதே பையன்தான்.

பதில்: வாஷிங்டன் வட்டாரத்திலிருந்து

ஐயா இருவருக்கும் வணக்கம். நான் மாறுபடுகிறேன்.

2023 சீசனில் எங்கள் கமாண்டர்ஸ் 4-13 (4 வெற்றி, 13 தோல்வி). சாம் ஹவல் என்ற இளைஞர் அந்த ஆண்டு 65 முறை வீழ்த்தப்பட்டார். முன்வரிசை எவ்வளவு மோசம் என்று பாருங்கள். ஹியூஸ்டன் ஐயா சொல்கிறபடி பார்த்தால் 2024இல் இரண்டாவது இடத்தில் நாங்கள் டேக்கிளை எடுத்திருக்க வேண்டும். எடுத்தது ஜேடன் டேனியல்ஸை. 12-5 என்று முடித்து, மாநாட்டு இறுதி ஆட்டம், அதாவது கோப்பைக்கான கடைசி ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டம், வரை போனோம். அவர் 47 முறை விழுந்தார், அது குறைவல்லதான். ஆனாலும் வென்றோம். சிறந்த குவார்ட்டர்பேக் தன் முன்வரிசையின் குறையைத் தானே பாதி சரிசெய்துவிடுகிறார். பந்தைச் சீக்கிரம் விடுகிறார், ஓடுகிறார், எதிரணி எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே படிக்கிறார். அந்தத் திறமை உள்ளவர் கைக்கு எட்டும்போது "இன்னும் தயாராகவில்லை" என்று விட்டால், தயாரான பிறகு அவர் இருக்க மாட்டார்.

யாரும் இன்னும் பணத்தைத் தொடவில்லை. 2011இல் வந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு புதிய வீரர்களின் சம்பளத்துக்கு வரம்பு உண்டு. 2010இல் முதல் இடத்தில் வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு உத்தரவாதத் தொகையே 5 கோடி டாலர். மறு ஆண்டு அதே முதல் இடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கும் சேர்த்தே சுமார் 2 கோடியே 20 லட்சம்தான். 2025இல் முதல் இடத்தில் டென்னசி எடுத்த கேம் வார்டுக்கு நான்கு ஆண்டுக்குச் சேர்த்து 5 கோடிக்குள். இதையே நிலைபெற்ற குவார்ட்டர்பேக்கோடு ஒப்பிடுங்கள். டாலஸ் அணி டேக் பிரெஸ்காட்டுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 6 கோடி தருகிறது. ஓர் அணியின் மொத்தச் சம்பள வரம்பே 2025இல் 27 கோடியே 92 லட்சம். அதாவது குவார்ட்டர்பேக்கை டிராஃப்டில் எடுத்தால் நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் சில கோடி மிச்சம். அந்த மிச்சத்தில் முன்வரிசையை வாங்கலாம். சிகாகோ அதைத்தான் செய்தது. 2024இல் கேலப் வில்லியம்ஸை முதல் இடத்தில் எடுத்தது, அவர் 68 முறை அடிபட்டார். மறு ஆண்டே ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், ட்ரூ டால்மன் என்று முன்வரிசையின் நடுவில் நிற்கும் மூவரையும் கொண்டுவந்து நிறுத்தியது.

பழைய உதாரணமும் ஒன்று. பெய்டன் மேனிங் முதல் சீசனில் 3-13, 28 இன்டர்செப்ஷன். புதிய ஆள் ஒருவர் வீசியதில் இன்றும் அதுதான் அதிகம். மறு ஆண்டு 13-3. அடிபட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

கிளீவ்லாந்து ஐயா, உங்கள் மகள் சொல்வதே சரி.

பதில்: சார்லட்டிலிருந்து

அண்ணா, எங்கள் கதையையும் கேளுங்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். எழுதும்போது கோபம் வருகிறது.

2023இல் எங்கள் கரோலைனா பேந்தர்ஸ் சிகாகோவோடு மாற்றிக்கொண்டு ஒன்பதாவது இடத்திலிருந்து முதல் இடத்துக்குத் தாவியது. கொடுத்த விலை: அந்த ஒன்பதாவது இடம், அதே ஆண்டு இரண்டாம் சுற்றில் ஓர் இடம், 2024இன் முதல் சுற்று, 2025இன் இரண்டாம் சுற்று. போதாததற்கு டி. ஜே. மூர். பந்தைப் பிடிப்பதில் எங்களிடம் இருந்த ஒரே உருப்படியான ஆள் அவர்தான். குவார்ட்டர்பேக்கை வாங்குவதற்காக அவர் யாருக்கு வீச வேண்டுமோ அந்த ஆளையே விற்ற நிர்வாகம் இது. பிரைஸ் யங் வந்தார். ஒல்லியான உடம்பு. 62 முறை விழுந்தார். தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக்கை சீசன் முடியும் முன்பே நீக்கினார்கள். 2-15. அந்த மோசமான முடிவினால் 2024இன் முதல் இடம் எங்களுடையதாக வந்திருக்க வேண்டும். அதைத்தான் முன்பே விற்றிருந்தோமே. சிகாகோ அதில் கேலப் வில்லியம்ஸை எடுத்தது.

அப்புறம்தான் புத்தி வந்தது. 2024இல் ராபர்ட் ஹன்ட்டுக்கு ஐந்தாண்டுக்கு 10 கோடி டாலர் கொடுத்து கார்டாக (முன்வரிசையில் டேக்கிளுக்கு உட்புறம் நிற்பவர்) கொண்டுவந்தார்கள், மறுபக்கம் டேமியன் லூயிஸ். அந்த ஆண்டும் யங் தொடக்கத்தில் தடுமாறியதால் இரண்டே ஆட்டத்தில் அவரை உட்காரவைத்து ஆண்டி டால்டனை இறக்கினார்கள். டால்டனின் கைவிரலில் கார் விபத்தில் அடிபட்ட பிறகு யங் திரும்பி வந்தார். வந்தவரைப் பார்த்தால் வேறு ஆள். தலை நிமிர்ந்திருந்தது. அவசரமில்லாமல் நின்று வீசினார். உட்கார்ந்து பார்த்ததா, முன்னால் நின்ற இரண்டு மலைகளா, புதிய பயிற்சியாளர் டேவ் கனாலிஸா, எது மாற்றியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் முதல் ஆண்டில் இந்த மூன்றில் ஒன்றுகூட அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

வாஷிங்டன் தம்பி, பணம் மிச்சமாகும் என்கிறீர்கள், சரி. ஆனால் அந்த மிச்சம் செலவாகி ஆள் வருவதற்குள் பையன் ஓர் ஆண்டு முழுக்க அடி வாங்கியிருப்பான். முதலில் அரண், பிறகு ஆள் என்று மாற்றிச் செய்தால் என்ன குறைந்துவிடும்?

பதில்: மீண்டும் ஹியூஸ்டனிலிருந்து

வாஷிங்டன் தம்பி எழுதியதில் இரண்டு விஷயங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பெய்டன் மேனிங் அடிபட்டுக் கற்றுக்கொள்ளவில்லை தம்பி. அந்த 3-13 சீசனில் அவர் வீழ்த்தப்பட்டது 22 முறைதான். டேவிட் கார் 76. மேனிங் வருவதற்கு முந்தைய ஆண்டு, 1997இல், இண்டியானாபொலிஸ் தன் முதல் சுற்று இடத்தில் எடுத்தது டாரிக் கிளென்னை. மேனிங் வந்ததும் அவரை லெஃப்ட் டேக்கிளாக நிறுத்தினார்கள். பந்தைப் பிடிக்க மார்வின் ஹாரிசன் 1996இலேயே வந்தாயிற்று. ஓடுவதற்கு மார்ஷல் ஃபாக். அங்கே மேனிங் செய்தவை எல்லாம் வீசும் தவறுகள். யாருக்கு வீசுவது, எப்போது விடுவது என்ற தவறுகள். நின்று நிதானமாகத் தவறு செய்ய நேரம் கிடைத்தவர் மறு ஆண்டு திருத்திக்கொண்டார். நேரமே கிடைக்காதவர் எதைத் திருத்துவார்?

டேனியல்ஸைப் பற்றி: அவர் அபூர்வமான வீரர், மறுக்கவில்லை. ஆனால் அந்த 47ஐப் பார்த்து உங்கள் நிர்வாகமே என்ன செய்தது? 2025 மார்ச்சில் எங்களிடமிருந்து லாரமி டன்சிலை வாங்கியது. ஏப்ரலில் முதல் சுற்று இடத்தையும் டேக்கிள் ஜாஷ் கானர்லிக்கே செலவிட்டது. வென்றுகொண்டிருந்தபோதே ஆபத்து அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அப்படியும் இந்த சீசனில் டேனியல்ஸ் காயங்களால் பல ஆட்டங்களை இழந்திருக்கிறார். ஓடித் தப்பிக்கும் குவார்ட்டர்பேக் கூடுதலாக அடிபடுவார். 2012இல் மூன்று முதல் சுற்று இடங்களும் ஓர் இரண்டாம் சுற்று இடமும் கொடுத்து நீங்கள் வாங்கிய ராபர்ட் கிரிஃபினின் முழங்காலை உங்கள் ஊர் மறந்திருக்காது.

தயாராகும்வரை காத்திருந்தால் இடம் கைவிட்டுப் போகும் என்ற பயத்தை மட்டும் ஏற்கிறேன், அது நியாயமான பயம். ஆனால் வழி அடைந்துவிடுவதில்லை. 2016 சீசனில் கேன்சஸ் சிட்டி 12-4. டிராஃப்டில் 27ஆவது இடம். அங்கிருந்து மூன்றாம் சுற்றில் ஓர் இடமும் மறு ஆண்டின் முதல் சுற்றும் சேர்த்துக் கொடுத்துப் பத்தாவது இடத்துக்கு ஏறி பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தார்கள். ஓர் ஆண்டு அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். நல்ல அணிதான் அப்படிப் பொறுமையாக வாங்க முடியும். பசியோடு சந்தைக்குப் போகிற அணியால் முடியாது.

கேட்டவர்: கிளீவ்லாந்து

எல்லாருக்கும் நன்றி. மகளிடம் முழுவதையும் படிக்கக் கொடுத்தேன். ஜோ தாமஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று உடனே பிடித்துக்கொண்டாள். அதற்கு நானே பதில் எழுதுகிறேன்.

தாமஸ் வந்த 2007இல் அணி 10-6 என்று முடித்தது, மயிரிழையில் பிளே ஆஃப் தவறியது. அந்த ஆண்டு பந்து வீசியது 22ஆவது இடத்தில் எடுத்த குவின் இல்லை. அவர் வெளியே உட்கார்ந்திருந்தார். வீசியவர் டெரிக் ஆண்டர்சன். பால்டிமோர் ஆறாம் சுற்றில் எடுத்து விட்டுவிட்ட ஆள். நல்ல முன்வரிசைக்குப் பின்னால் அப்படிப்பட்டவரே, சீசனின் சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் புரோ பவுல் வரை போனார். அதற்குப் பிறகு தாமஸ் ஒருவர் மட்டும் அப்படியே நின்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள், பின்னால் இருந்த குவார்ட்டர்பேக்குகள், மேலே இருந்த பயிற்சியாளர்கள் என்று மற்ற எல்லாரும் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஐந்து பேர் நிற்க வேண்டிய இடத்தில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு முன்வரிசையே பயனற்றது என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம்.

இன்னும் வலுவான ஆதாரமும் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஹியூஸ்டன் நண்பர் எழுதியதைப் படித்ததும் அதுதான் மனதில் ஓடியது. பேக்கர் மேஃபீல்ட் 2019இல் 22 டச் டவுன், 21 இன்டர்செப்ஷன். 40 முறை வீழ்த்தப்பட்டார். ஊரில் பாதிப் பேர் அவரைத் துரத்தச் சொன்னார்கள். 2020இல் என்ன மாறியது? ஜாக் காங்க்ளினை ரைட் டேக்கிளாக வாங்கினார்கள். முதல் சுற்றில் பத்தாவது இடத்தில் ஜெட்ரிக் வில்ஸை லெஃப்ட் டேக்கிளாக எடுத்தார்கள். நடுவில் பிட்டோனியோ, டிரெட்டர், டெல்லர் இருந்தார்கள். முன்வரிசைப் பயிற்சிக்கு பில் கேலஹன் வந்தார். தலைமைப் பயிற்சியாளராக ஸ்டெஃபான்ஸ்கி. அந்த சீசனில் மேஃபீல்ட் 26 டச் டவுன், 8 இன்டர்செப்ஷன். விழுந்தது 26 முறை. 11-5 முடித்து, பிட்ஸ்பர்குக்கே போய் பிளே ஆஃபில் ஸ்டீலர்ஸை 48-37 வென்றோம். அன்று முதல் நகர்விலேயே முன்வரிசையின் நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுக்கும் அவர்களுடைய சென்டர் அதைக் குவார்ட்டர்பேக்கின் தலைக்கு மேல் வீசிவிட, அது அவர்கள் எல்லைக்குள் உருண்டு ஓடியதும் நம் ஆள் அதன் மேல் விழுந்து டச் டவுன் ஆனதும் இந்த ஊரில் யாருக்கும் மறக்காது. மறு ஆண்டு தோள்காயத்தோடு ஆடி மேஃபீல்ட் சரிந்தார், 2022இல் அனுப்பிவிட்டோம். இப்போது டம்பாவில் நன்றாக ஆடிக்கொண்டிருக்கிறார்.

இதே ஊர், இதே மனிதர், ஓர் ஆண்டு இடைவெளி. இதற்கு மேல் எனக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை.

இன்றைய நிலைக்கு வருகிறேன். அந்த முன்வரிசையில் எஞ்சியிருப்பவர்கள் பிட்டோனியோ, டெல்லர், காங்க்ளின். எல்லாருக்கும் வயதாகிவிட்டது, ஒப்பந்தங்களும் இந்த சீசனோடு முடிகின்றன. அதாவது ஏப்ரலில் வரப்போகும் குவார்ட்டர்பேக் யாராக இருந்தாலும், அவர் முன்னால் நிற்கப்போகிறவர்கள் யார் என்று இன்று அணி நிர்வாகத்தாலேயே சொல்ல முடியாது. இந்த நிலையில் இரண்டு முதல் சுற்று இடங்களையும் கட்டிக் கொடுத்து மேலே தாவுவதை நான் அறவே ஏற்க மாட்டேன். சார்லட் தங்கை எழுதியதை எங்கள் பொது மேலாளர் மேசையில் கண்ணாடி போட்டு வைக்க வேண்டும்.

என் முடிவு இதுதான். எங்கள் சொந்த இடத்தில் டேக்கிள். ஜாக்சன்வில் தந்த இடத்தில், நிர்வாகம் உண்மையாகவே நம்பும் குவார்ட்டர்பேக் அங்கே எஞ்சியிருந்தால் அவர். இல்லாவிட்டால் பந்தைப் பிடிக்கும் ஆள். முன்வரிசையின் மற்ற இடங்களை மார்ச் மாதமே பணம் கொடுத்து நிரப்ப வேண்டும். வாட்சன் ஒப்பந்தத்தின் சுமை இன்னும் கழுத்தில் இருப்பதால் அது எளிதல்ல என்பது தெரியும்.

மகள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. வாஷிங்டன் தம்பியின் பதிலில் ஒரு வரியை எடுத்துக் காட்டுகிறாள்: "தயாரான பிறகு அவர் இருக்க மாட்டார்." முதல் இடங்களுக்குள் டேனியல்ஸ் தரத்தில் ஒருவர் கைக்கு எட்டினால், அப்போதும் டேக்கிள்தானா என்று கேட்கிறாள். அப்போது எடுக்கத்தான் வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். ஆனால் எடுத்த பிறகு முன்வரிசை நிற்கும்வரை அவர் தொப்பியோடு ஓரத்தில் நின்று பார்க்கட்டும், ஆட்டத்தைச் சாண்டர்ஸோ கேப்ரியலோ தொடங்கட்டும். அதற்கு அவளும் சரி என்றாள். ரசிகர்கள் கூச்சல் போட்டாலும் அதைத் தாங்கி இளைஞரை உட்காரவைக்கும் துணிவு எங்கள் நிர்வாகத்துக்கு உண்டா என்பதில்தான் இருவருக்கும் சந்தேகம். அப்படி ஒரு முழு சீசன் உட்காரவைத்த தோற்கும் அணி எதையாவது நீங்கள் அருகிலிருந்து பார்த்திருந்தால் எழுதுங்கள். கேன்சஸ் சிட்டியும் கிரீன் பேயும் வேண்டாம், அவை வென்றுகொண்டிருந்த அணிகள்.